விசும்பும் டிரான்சிஸ்டர்

ஃபிஜித் தீவில் நவுசோரிக்கும் வுனிமோனோவுக்கும் இடையில் யார் நாட்டைவிட்டுப் போனாலும், பாலசுப்பிரமணியின் மைக்செட் கட்டாமல் போனதில்லை. எழுபதுகளில் அவர் அதைக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்தது சரியாகப் படியவில்லை என்று அதே வருஷம் இன்னொரு தரமும் பிடித்தது. அதற்குப் பிறகு இந்திய வம்சத்து டாக்டர்கள் போனார்கள், வாத்தியார்கள் போனார்கள், கணக்குப்பிள்ளைகள் போனார்கள். ஒவ்வொருவர் கிளம்பும்போதும் தகரக் கொட்டகை போட்டு, கிராக் என்று ஊரில் சொல்லும் யங்கோனா வேர்ப்பொடியைக் குடிப்பதற்குப் பெரிய மரச்சட்டியில் கரைத்துவைத்து, பிரிவு உபசாரம் நடத்தினார்கள். இரண்டாயிரத்தில் மறுபடி ஒரு கலகம் வந்தது. குத்தகை முடிந்த கரும்பு விவசாயிகளும் சேர்ந்து கிளம்பினார்கள். கல்யாணத்தைவிடப் பிரிவு உபசாரத்துக்கு மைக்செட் அதிகம் போகத் தொடங்கியது. இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் நாலாம் முறையாக ஆட்சி கவிழ்ந்து ராணுவம் வந்தபோது, பாலசுப்பிரமணி செய்தியை முழுவதும் கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்தார். பிறகு ஒயர்களை எல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

ரஞ்சனா அவருடைய மருமகள். தலைநகர் சுவாவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலை. பல்கலைக்கழகத்தில் அவள் படித்தது மின்னணுவியலும் கணிதமும். அந்தப் படிப்பைக் கம்பெனி முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது என்று சொல்வதற்கில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் அவளைக் கூப்பிடுவார்கள். மேனேஜருக்கு மின்னஞ்சல் திறக்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் அவள் எழுதிய புரோகிராம்களை, அவை ஓடுகின்றன என்ற ஒரே காரணத்தால், யாரும் நினைத்துப்பார்த்ததில்லை.

அவள் கணவன் சலேஷ் சிகடோகா பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். ஆட்சி மாறிய வாரத்திலேயே டூரிஸ்டுகள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். சில நாள் பாண்டுக்காரர்கள் பணிப்பெண்களுக்கும் தோட்டக்காரருக்கும் வாசித்தார்கள். பிறகு ஹோட்டல் நிர்வாகம், நிலைமை சீரானதும் கூப்பிடுகிறோம் என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டது. சலேஷ் நவுசோரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தான். பிரிஸ்பேனில் இருக்கும் அவன் அண்ணன் சுரேந்திரா, வந்துவிடு, வந்துவிடு என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். ரஞ்சனாவின் படிப்பை வைத்து விண்ணப்பிக்கலாம் என்று ஒரு ஏஜென்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பமும் போயிற்று. அங்கே போய் என்ன செய்வோம் என்று ரஞ்சனா கேட்டதற்கு, சலேஷ், இங்கே என்ன செய்கிறோம் என்று திருப்பிக் கேட்டான்.

வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது ஃபிஜி இந்தியில். பாலசுப்பிரமணி மட்டும் விடாமல் தமிழில்தான் பேசுவார். ரஞ்சனாவுக்கு அது நன்றாகவே புரியும், பதில் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் வரும். சலேஷுக்குத் தன் பெயர் சொல்லித் திட்டும் இடம் மட்டும் புரியும்.

ஜனவரியில் ஒரு நாள் மதியம், வெயில் தகரக்கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வேலையற்ற சலேஷ் தன் கிதாரை அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் சொருகிப் பார்த்தான். ஒரு நரம்பைத்தான் தட்டினான். பெட்டிக்குள்ளிருந்து வந்தது கிதார் சத்தமாக இல்லை. விமான நிலையத்தில் மகனைக் கட்டிக்கொண்டு நிற்கும் தாயின் தொண்டையிலிருந்து வருவது போல ஒரு சத்தம். முதலில் முழுக் குரல், அப்புறம் அடைப்பு, அப்புறம் ஒரு கேவல். சமையலறையிலிருந்து ரஞ்சனா ஓடிவந்தாள். சலேஷ் வாசித்துக்கொண்டே இருந்தான். ஒரு மாதமாக அவன் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது இருந்தது.

பாலசுப்பிரமணி வந்து சொருகியை உருவினார். பெட்டிக்கு மேல் விபூதிப் பட்டை, குங்குமப் பொட்டு. சாமி பேர் சொல்கிற பெட்டியில் கண்டதையும் வாசிக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அத்தனை கனமான பெட்டியை சிகடோகா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதும் நடக்கிற காரியம் இல்லை. சலேஷ் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் ரஞ்சனா, பெட்டியைத்தானே தூக்க முடியாது, அதன் குணத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட முடியுமா பார்க்கிறேன் என்றாள்.

எளிதாகத்தான் சொல்லிவிட்டாள். டிரான்சிஸ்டர் என்பது ஒரு குழாய் மாதிரி. சின்ன மின்சாரம் கைப்பிடியைத் திருகும், பெரிய மின்சாரம் அதற்கு ஏற்றபடி பாயும். மைக்கில் முணுமுணுப்பது ஒலிபெருக்கியில் முழங்குவது இப்படித்தான். புத்தகத்தில் அதற்குச் சமன்பாடு இருக்கிறது. ஒலியை நொடிக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அந்தச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். விடை நேராக வந்துவிடாது. ஓர் ஊகத்தில் தொடங்கி, எவ்வளவு தப்பு என்று பார்த்து, திருத்தி, மறுபடி பார்த்து, அடுத்த துண்டு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ரஞ்சனா அதை எழுதிவிட்டாள். சலேஷ் வாசித்துப் பார்த்தான். பற்பசை விளம்பரத்துக்குப் போடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவன் கிதாரைக் கீழே வைத்ததே அவளுக்குச் சுருக்கென்றது.

தவறு சமன்பாட்டில் இல்லை. புத்தகத்திலிருக்கும் டிரான்சிஸ்டருக்கு வேர்ப்பதில்லை, வயசாவதில்லை, அண்ணன் தம்பி சண்டையில்லை. பாலசுப்பிரமணியின் பெட்டிக்குள் இருப்பவை அப்படிப்பட்டவையா என்று பார்க்க, பெட்டியைத் திறக்க வேண்டும். மாமனாரிடம் அனுமதி வாங்க அவள் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டிவிட்டு, அவரே திருகாணிகளைக் கழற்றிக் கொடுத்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்காரும் உறவினரைப்போல நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

உள்ளே இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், சிலிக்கான் வருவதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. அந்த வகைக்கு ஒரு குணம் உண்டு. மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஒழுகும். சூடேறினால் அதிகம் ஒழுகும். ஒழுகுவதால் இன்னும் சூடேறும். கடைசிக் கட்டத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக வேலை செய்தன. அலையின் மேல் பாதியை ஒன்று தூக்கிப்போகும், கீழ்ப் பாதியை இன்னொன்று. ரஞ்சனா மீட்டரை வைத்து அளந்தாள். ஒன்று பலசாலி, ஒன்று நோஞ்சான்.

“இது வேற ஜாதியா இருக்கே மாமா. யார் மாத்தினது?”

“நான்தான். ரக்கிரக்கில கல்யாணம். பாதியில பொகை வந்துடுச்சு. அங்க ஒருத்தர் வூட்டு ஒடைஞ்ச ரேடியோல இருந்து புடுங்கிப் போட்டேன். அன்னைக்குத் தாலி கட்டணுமே, பொருத்தம் பாக்க நேரம் ஏது?”

அந்த ரக்கிரக்கி கல்யாணம்தான் முப்பது வருஷத்துக் கேவலுக்கும் காரணம். அலையின் ஒரு பாதி முழுக்க வெளியே வந்தது, மறு பாதி தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. வெயில் ஏற ஏற நோஞ்சான் இன்னும் தளர்ந்தது. மேடையில் பேசியவர் வாடகை பாக்கியோடு ஊரைவிட்டு ஓடுகிற ஆசாமியைப் பற்றிப் பேசினாலும், கேட்பவர்களுக்கு நெஞ்சைப் பிசைந்தது. நவுசோரி மக்கள் தங்களை இளகிய மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் ரஞ்சனா ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் தனித்தனியாகக் குணம் எழுதினாள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் ஒரு குமிழ் வைத்தாள். டிகிரி போடுவதற்குப் பதிலாக ஒரு கோடியில் ‘சுவா மழை’ என்றும் மறு கோடியில் ‘ரக்கிரக்கி மதியம்’ என்றும் எழுதினாள். சலேஷ் குமிழை மதியத்துக்குத் திருப்பி வாசித்தான். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாலசுப்பிரமணி, யார் பெட்டியைத் தொட்டது என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டி துணி போர்த்தி மூலையில் கிடந்தது. அவர் நின்று பார்த்தார். பெருமைப்படுவதா, வாடகை போய்விடுமே என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் திரும்பிப்போய்விட்டார். ரஞ்சனாவுக்கோ அன்று கால் தரையில் பாவவில்லை.

‘நவுசோரி’ என்று பெயர் வைத்து அதை இணையத்தில் விற்பனைக்குப் போட்டார்கள். நார்வேயில் யாரோ ஒருவர் வாங்கினார். இந்தச் சத்தத்தில் வெப்பமண்டலக் காட்டின் ஆதி ஆன்மா தெரிகிறது என்று விமர்சனம் எழுதினார். அவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் வாங்கினார்கள். அரசியலை எழுதினால் ராணுவ முகாமிலிருந்து போன் வரும் என்பதால், அப்போது உள்ளூர்ப் பத்திரிகைகள் பெரிய பூசணிக்காய்களையும் நீந்தத் தெரிந்த பூனைகளையும் தேடிக்கொண்டிருந்தன. டிரான்சிஸ்டர் அரசியல் இல்லை என்று முடிவுசெய்து, ஒரு பத்திரிகை ரஞ்சனாவைப் பற்றி முக்கால் பக்கம் போட்டது. பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம் பாலசுப்பிரமணியும் பேசினார். எண்பத்தேழில் ஆட்சி கவிழ்ந்த அறிவிப்பு ரேடியோவில் வந்தபோது, ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று இந்தப் பெட்டியில்தான் இணைத்துவிட்டேன், அந்தக் குரலைக் கேட்டு ஊரே நடுங்கிப்போயிற்று என்றார். அது அப்படியே அச்சாயிற்று.

அந்த வாரம் இன்சூரன்ஸ் கம்பெனி வாசலில் ஒரு ராணுவ ஜீப் வந்து நின்றது.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, ரஞ்சனா என்பவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டதும், மேனேஜர் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். கேட்காமலே, அவளோடு தனக்குப் பழக்கம் அதிகம் இல்லை என்றும், இரண்டு வருஷமாகவே அவள் நடவடிக்கை ஒரு மாதிரி இருந்ததாகவும் சொன்னார். ரஞ்சனா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்துத் தெரு ஆஷாவின் தம்பியை, பஸ் நிறுத்தத்தில் ஏதோ கிண்டலாகச் சொன்னான் என்று பிப்ரவரியில் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் கழித்து வந்தான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதையும் கிண்டலாகச் சொன்னதில்லை. நேராக நிமிர்ந்து உட்காரவும் அவனுக்கு நாளாயிற்று.

வந்தவர் பெயர் கேப்டன் நைவாலு. அகலமான மனிதர், மென்மையான குரல். கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சட்டைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகைப் பக்கத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். தகவல் பிரிவில் பொறுப்பில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவதாகவும், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்.

“மேடம், எங்க அறிவிப்பை யாரும் மதிக்கிறது இல்ல. சத்தம் அவ்வளவு சுத்தமா இருக்கு. சோப்பு விளம்பரம்னு நெனச்சு வேற ஸ்டேஷன் திருப்பிடறாங்க. எண்பத்தேழுல அப்படியா இருந்தது? அந்தச் சத்தம் எங்களுக்கு வேணும்.”

ரஞ்சனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் முதலில் செய்த காரியம், அவரைத் திருத்தியதுதான். எண்பத்தேழில் வானொலி நிலையத்தில் இருந்தவை பெரும்பாலும் சிலிக்கான் கருவிகள், இவளுடையது ஜெர்மானியம், இரண்டும் வேறு வேறு, இதற்கு அது பொருந்தாது என்று விளக்க ஆரம்பித்தாள். கேப்டன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எது பொருந்தும் என்பது மேலே முடிவாகிவிட்டது என்றார். மறுக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பிற்பாடு பல முறை யோசித்தாள். வெளியே வந்தபோது, மேனேஜர் கேப்டனின் கையைக் குலுக்கி, ரஞ்சனாவுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது தான்தான் என்றார்.

ஒலிப்பதிவு அறையில் அவர்கள் சில மதியங்கள் வேலை செய்தார்கள். சொல்லக்கூடாது, ஆனால் அந்த மதியங்கள் ரஞ்சனாவுக்குப் பிடித்திருந்தன. பிரிண்டரைப் பற்றிப் பேசாத ஒரு மனிதரோடு அவள் வேலை செய்து வருஷங்கள் ஆகியிருந்தன. கேப்டனுக்குக் காது அபாரம். நோஞ்சான் டிரான்சிஸ்டர் தளரும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் உயர்த்திக் காட்டுவார். சுவா மழையில் வைத்தாள், போதவில்லை என்றார். நடுவில் வைத்தாள், தலையை ஆட்டினார். ரக்கிரக்கி மதியத்துக்குத் திருப்பியதும் எழுந்து நின்றுவிட்டார். இதுதான், இதில் ஒரு கனம் இருக்கிறது என்றார். அவர் சின்ன வயசில் நவுசோரி ஆற்றங்கரைக் கிராமத்தில் வளர்ந்தவர். அந்தச் சத்தத்தை முன்னே எங்கே கேட்டோம் என்று அவர் யோசித்திருக்கலாம். இவளும் யோசித்திருக்கலாம். இரண்டு பேரும் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிச் செய்திக்கு முன்னால் புது அறிவிப்பு வந்தது. நவுசோரி வீட்டில் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாட்டில் அமைதி நிலவுகிறது என்றது குரல். சொன்ன மாத்திரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. பொதுமக்கள் வழக்கம்போல் வேலைக்குச் செல்லலாம் என்று கேவியது. எவரும் எதற்காகவும் கவலைப்படத் தேவையில்லை என்பதற்குள் மூன்று இடத்தில் உடைந்தது.

பாலசுப்பிரமணி டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணோரம் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

“யாரும்மா போறாங்க?” என்றார்.

ரஞ்சனாவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இருபது வருஷமாக அந்தச் சத்தத்தில் இந்த ஊர் கேட்ட செய்தி ஒன்றுதான். யாரோ கிளம்புகிறார்கள், இனி வரமாட்டார்கள். எண்பத்தேழு அறிவிப்பு அந்தப் பெட்டியில் வந்ததை நினைவில் வைத்திருந்தது பாலசுப்பிரமணி மட்டும். மற்றவர்களுக்கு அது பிரிவு உபசாரச் சத்தம், அவ்வளவுதான்.

ஊரில் பேச்சு கிளம்ப நேரம் பிடிக்கவில்லை. சந்தையில் கத்திரிக்காய் விற்ற மோகினி, அறிவிப்பு வாசித்தவரே நாட்டைவிட்டுப் போகிறார் போலிருக்கிறது, பாவம், குரலில் தெரிகிறது என்றாள். அடுத்த கடைக்காரர், வாசிக்கிறவன் எதற்குப் போகிறான், வாசிக்கச் சொன்னவர்கள் போகிறார்கள் என்றார். மதியத்துக்குள் அது, அரசாங்கமே போகிறது, நாம் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்றாயிற்று. அறிவிப்பு தினமும் மூன்று வேளை வந்தது. வர வர, இதுவரை போகிற யோசனையே இல்லாதவர்களும் போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு வரிசையில் நின்றார்கள். நவுசோரியில் சூட்கேஸ் கிடைக்கவில்லை. சுவாவிலும் சின்ன அளவுதான் மிச்சம். முன்பெல்லாம் அக்கம்பக்கத்து இந்தியக் குடும்பங்களுக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது பாய் முடைந்து கொடுத்து அழுத ஃபிஜியப் பெண்கள், கேப்டனின் சொந்தக் கிராமத்தில், அறிவிப்பு வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஒரு பாய் முடைய ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பாலசுப்பிரமணியின் மைக்செட்டுக்கு ஆகஸ்ட் வரை தேதி காலி இல்லை.

கேப்டன் ரஞ்சனாவை முகாமுக்குக் கூப்பிட்டனுப்பினார். சலேஷ் கூட வருவேன் என்று நின்றான். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாள். வாசலில் காவலாளி அவள் கைப்பையைத் திறந்து பார்த்த நேரம் முழுக்க, அவளுக்கு ஆஷாவின் தம்பி உட்காரும் விதம்தான் ஞாபகத்தில் இருந்தது. கேப்டன் ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். இரண்டு நாள் தூங்காத முகம்.

“சூட்டைக் குறைக்கலாமா மேடம்?”

“குறைச்சா சோப்பு விளம்பரம் ஆயிடும் சார்.”

“தெரியும். ஆனா எங்க அம்மா சாமான் கட்டறாங்க. எங்கே போறீங்கன்னா, தெரியலை, நீங்கதானே சொல்றீங்கங்கறாங்க.”

அவள் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாகப் போய்விட்டது. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அங்கே என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியாது. அறிவிப்பை நிறுத்திவிடுவது என்று அன்றைக்கு முடிவாயிற்று. நிறுத்தினால் தோல்வி என்று ஆகிவிடும் என்பதால், திட்டம் முழு வெற்றி பெற்று நிறைவடைந்தது என்று மேலிடம் தீர்மானித்தது. வெற்றிக்குக் காரணமானவரைப் பாராட்டாமல் இருக்க முடியாதே. ரஞ்சனாவை வரவழைத்து, சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரத்தை ஓர் அதிகாரி கொடுத்தார். தேசிய ஒலித் தொழில்நுட்பத்துக்கு அவள் ஆற்றிய சேவைக்காக என்று அதில் இருந்தது. படம் பிடித்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவள் இருந்தாள், பூசணிக்காய்க்கு மேலே.

பாலசுப்பிரமணி அந்தப் படத்தை வெட்டி எல்லோரிடமும் காட்டினார். தேவையில்லாத வேலை. எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். விசா கொடுக்கிறவர்களும் பார்த்திருந்தார்கள். ஆட்சியைப் பிடித்தவர்களுக்கும் அவர்களுக்கு வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உள்ளே இடம் கிடையாது என்று பிரிஸ்பேன், ஆக்லாந்து பக்கத்து அக்கரை நாடுகளில் அப்போது தடை போட்டிருந்தார்கள். ஜூலையில் இவர்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தெருவில் அந்த வருஷம் விண்ணப்பித்த அத்தனை வீட்டிலும் மறுக்கப்பட்டது இவர்கள் வீடு ஒன்றுதான்.

சலேஷ் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாயங்காலம் வரை பின்பக்கம் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வந்தான். வந்து, போக வேண்டாம் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றான். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் பதில் வந்த அன்று ராத்திரிச் சோறு ருசியாக இருந்ததும் உண்மை. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் வீட்டில் தேவையான பேச்சு மட்டும் நடந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நவுசோரி சந்தையில் கேப்டன் நைவாலுவைப் பார்த்தாள். பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு தாலோ என்கிற பெரிய சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு ஆக்லாந்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதே தடையில் அதுவும் போயிற்று. மகள் வீட்டில் அப்பாவோடு பேசுவதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரஞ்சனா தன் கதையைச் சொன்னாள். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. எது நல்ல கிழங்கு என்று மட்டும் அவர் எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை நிறுத்தவில்லையே என்று அவள் கேட்டாள். இல்லை, குழுவில் ஆள் குறைந்துவிட்டது, இப்போது இரண்டு பேர் பாட்டை நான் ஒருத்தனே பாடுகிறேன் என்றார்.

ஆள் குறைந்தது எல்லா இடத்திலும்தான். இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த மற்ற மூன்று பேரும் சிட்னிக்கும் வான்கூவருக்கும் போய்விட்டார்கள். ரஞ்சனா பிரிவின் தலைவியானாள். பிரிவில் வேறு யாரும் இல்லை. மேனேஜரும் ஒரு நாள் கிளம்பினார். தன்னுடைய பிரிவு உபசாரத்தில், ரஞ்சனாவை நாட்டுக்குத் தந்துவிட்டுப் போவதில் பெருமைப்படுவதாகச் சொன்னபோது, நோஞ்சான் டிரான்சிஸ்டர் உதவியால் அவருக்கும் குரல் தழுதழுத்தது. ஊர்த் தமிழர் சங்கத்தின் கிளைத் தலைவர் தேர்தலில் பதினைந்து வருஷம் தோற்ற பாலசுப்பிரமணி போட்டியில்லாமல் ஜெயித்தார். தன் நேர்மைக்கு ஊர் கொடுத்த மரியாதை என்று ஏற்புரை ஆற்றினார். கேட்க வந்தவர்கள் முன்வரிசையில் அடங்கிவிட்டார்கள்.

டூரிஸ்டுகளும் மெல்லத் திரும்பி வந்தார்கள். சிகடோகா ஹோட்டல் சலேஷைக் கூப்பிட்டது. பழைய பாண்டில் பாக்கியிருந்தவன் அவன் ஒருத்தன்தான் என்பதால் தலைவன் என்று பட்டமும் கொடுத்தார்கள். ஹோட்டல்காரர்கள் கேட்டது உகுலேலே என்கிற குட்டிக் கிதாரும் சிரித்த முகமும். இருந்தாலும் சனிக்கிழமை மதியத்தில் ஒரு அரைமணி நேரம் அவன் இஷ்டப்படி வாசிக்கலாம் என்று அனுமதி வாங்கிவிட்டான். ஒரு நாள் போனில், வேறு எதையோ பேசிவிட்டு, வைக்கிற சமயத்தில், வந்து கேட்கிறதானால் கேள் என்றான்.

ரஞ்சனா பஸ் ஏறிப் போனாள். நீச்சல்குளத்தின் பக்கத்தில் ஓலைக் கொட்டகை, அதற்குக் கீழே சலேஷ், பக்கத்தில் ஸ்டூலில் அவளுடைய மடிக்கணினி. குளிர்ந்த குவளையோடு உட்கார்ந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வாசிக்க ஆரம்பித்தான். ஹோட்டலில் வழக்கமாக வாசிக்கிற எதுவும் அது இல்லை, அவனே கட்டியது. முதலில் மெதுவாகப் போயிற்று. பிறகு உச்சத்துக்கு ஏறி அங்கே உடைந்தது. ஒரு கிழவர் கண் திறந்து பார்த்தார். ரஞ்சனா நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தாள்.

முடிந்ததும் அவன் வேர்த்த முகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“ஓங்கி அடிக்கும்போது தப்பா இருக்கு” என்றாள். “பெட்டியில மின்சாரமே ஒரு கணம் தொய்ஞ்சுபோகும், அப்புறம்தான் தேறும். நான் டிரான்சிஸ்டரை மட்டும் எழுதினேன், அதுக்குச் சோறு போடறதை எழுதலை.”

“இங்க யாருக்கும் தெரியாது ரஞ்சனா.”

“உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. நான் தப்பா வாசிக்கிறேன்னு நெனச்சேன்.”

அவள் அவன் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டாம் சுற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்னாலிருந்து ஹோட்டல் ஆள் ஒருத்தர் உகுலேலேயைக் கொண்டுவந்து சலேஷின் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவன் அதன் நரம்புகளைச் சுருதி சேர்த்துக்கொண்டே, அவள் தட்டெழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.